ஜன்னலுக்கு அடியில் வந்த குளிர்

இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன்னறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பலகையில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இல்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. போன வருடம் இதே நாட்களில் அந்தப் பலகையைத் தொட்டால் விரல் நுனி வலிக்கும். இரண்டு பனிக்காலம், நடுவில் ஒரு மழைக்காலம், ஒரு பெரிய தவறு எல்லாம் கடந்து இப்போதுதான் வேலை முடிந்தது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீடு ஊட்டியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். பழைய தகரக் கூரை வீடு. முன்னறையில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று சுவரைவிட்டு ஒன்றேகால் அடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேல் பாதி கண்ணாடிக் கதவுகள். கீழ்ப் பாதி பலகை அடைப்பு: நடுவில் நாலரை அடிக்கு இரண்டடி இரண்டு அங்குலம், இரு பக்கமும் ஒன்றேகால் அடியில் சின்னப் பலகைகள். வெளிப் பலகைக்கும் உள் பலகைக்கும் நடுவில் இரண்டரை அங்குலம் காலி. அந்தக் காலி இடத்தைப் பற்றி முதல் பனிக்காலம் முழுக்க நான் யோசிக்கவே இல்லை.

அம்மா அந்த ஜன்னலோரம்தான் உட்காருவார். சாலை தெரியும், காலையில் பேப்பர் படிக்க வெளிச்சம் இருக்கும். அந்த முதல் பனிக்காலத்தின் டிசம்பரில் சொன்னார்: "காத்து கண்ணாடியில இல்ல கண்ணு, என் முட்டிக்குக் கீழதான் வருது." நான் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுகள் தளர்ந்து ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அங்கேதான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஹார்டுவேர் கடையில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் இரண்டு ரோல், 160 ரூபாய். கதவு வந்து பதியும் சட்டம் முழுவதும் ஒரே தடிமனாக ஒட்டினேன். கீல் பக்கம் கதவு நெருக்கிப் பிடித்தது, தாழ்ப்பாள் பக்கம் இடைவெளி அப்படியே இருந்தது. இறுக்கிச் சாத்தினால் தாழ்ப்பாள் துளையில் இறங்கவில்லை. பத்து நாளில் பனி ஈரம் குடித்து ஸ்பாஞ்ச் சப்பையாகிவிட்டது. குளிர் குறையவே இல்லை.

அப்புறம்தான் ஊதுபத்தி. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். காற்றடிக்காத ஒரு சாயங்காலம் வீட்டின் மற்ற ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போட்டேன். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளும்போது எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே இழுக்கும். ஊதுபத்தியை ஜன்னலைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். கண்ணாடி ஓரத்தில் புகை லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். ஜன்னலின் அடிக்கட்டையும் உள் பலகையும் சேரும் இடத்தில் புகை அப்படியே அறைக்குள் சாய்ந்து ஓடியது. பலகையின் கீழ்முனை, தரையோரம், அதைவிட மோசம். அம்மாவின் முட்டி உயரமும் புகை சாய்ந்த இடமும் ஒன்றுதான். காற்று வந்த ஏழு இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அதில் இரண்டுதான் கண்ணாடி இருக்கும் உயரத்தில்.

இடம் தெரிந்துவிட்டது, இனி அடைத்தால் சரி என்று நினைத்தேன். அடுத்த தவறு அங்கேதான்.

ஜனவரியில் சிலிக்கான் மூன்று ட்யூப் வாங்கினேன், ஒன்று 220 ரூபாய். அழுத்தும் கன் 180. வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, வெளிப் பலகையின் நான்கு ஓரமும், பலகைக்குப் பலகை உள்ள இணைப்பும், அடிமுனையும் ஒரு இடம் விடாமல் அடைத்தேன். உடனே பலன் தெரிந்தது. ஊதுபத்திப் புகை நேராக நின்றது. அம்மாவும் பரவாயில்லை என்றார். எனக்கு அந்த நேரத்தில் இருந்த நிறைவு கொஞ்ச நஞ்சமல்ல.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை. இந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது, காற்றோடு சேர்ந்து மழை நேராக முகத்தில் அறையும். ஜூலை நடுவில் அறைக்குள் நனைந்த சாக்குப் பையின் வாடை. உள் பலகையின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் கொப்பளித்து, கறுப்புப் பூசணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. வெளியே போய் அடிமுனை சிலிக்கானைக் கத்தியால் ஓரிடத்தில் கீறினேன். உள்ளே தேங்கிய தண்ணீர் கோடாக வழிந்தது. அரை டம்ளர் இருக்கும்.

பிறகு நிதானமாகப் பார்த்ததில் காரணம் புரிந்தது. ஜன்னல் அடிக்கட்டையில் மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது. எத்தனையோ வருடமாக அதன் வழியே மழைநீர் கொஞ்சம் உள்ளே இறங்கி, அடிமுனைச் சந்து வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் வெளியேறும் வழியை அடைத்துவிட்டேன், உள்ளே வரும் வழி திறந்தே இருந்தது. அதே சந்துதான் குளிர்காற்றுக்கும் வாசல். காற்றைத் தடுக்க வேண்டும், தண்ணீரைத் தடுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கோட்டில் செய்ய முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. காற்றுக்கான தடுப்பு அறைப் பக்கம் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் வடியத் திறந்திருக்க வேண்டும்.

அடிமுனை சிலிக்கானை அன்றே முழுவதும் எடுத்துவிட்டேன். மற்ற வேலையை மழை முடியும் வரை தள்ளிப்போட்டேன். ஈர மரத்தை வைத்துக்கொண்டு எதையும் மூடக் கூடாது. வடகிழக்கு மழையும் ஓய்ந்து, பகலில் நல்ல வெயிலும் இரவில் பனியுமாக மாறியது டிசம்பர் இரண்டாம் வாரத்தில். அப்போதுதான் பிரித்தேன்.

உள் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சில்வர் ஓக் துண்டுகள், பழைய ஆணி அடித்தவை. அகலமான பட்டிக் கத்தியை முதலில் நுழைத்து, அதன் மேல் கடப்பாரை நுனியை வைத்து நெம்பினேன். நேரடியாகக் கடப்பாரை வைத்தால் நாக்குப் பகுதி பிளந்துவிடுகிறது. முதல் பலகையில் அப்படித்தான் பிளந்தது. ஒவ்வொரு பலகையின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டு அடுக்கினேன். உள்ளே சருகு, ஒரு பழைய எலிக்கூடு, வெளிப் பலகையின் அடியில் நாலு அங்குல உயரத்துக்குச் சொதசொதவென்று ஊறிய மரம். ஸ்க்ரூ டிரைவர் நுனியை அழுத்தினால் முக்கால் அங்குலம் உள்ளே போனது.

காய்ந்ததா இல்லையா என்று அறிய மரத்தின் ஈரம் அளக்கும் கருவி என்னிடம் கிடையாது. அதற்குச் சமையலறைத் தராசு போதும். ஊறிப்போன உள் பலகைகளில் ஒன்றை அந்தச் சந்துக்குள்ளேயே நிறுத்தி வைத்து, பெடஸ்டல் ஃபேனைத் திருப்பிவிட்டு, தினமும் காலையில் அதை எடுத்து எடை போட்டேன். முதல் நாள் 1,140 கிராம். மூன்றாம் நாள் 1,060. ஆறாம் நாள் 1,015. ஏழும் எட்டும் அதே 1,015. எடை இறங்குவது நின்றதும் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பூசணம் பட்ட இடங்களைச் சொரசொரப்புத் தாளால் தேய்த்தேன். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டேன். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

வெளிப் பலகைக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன். மேட்டுப்பாளையத்துக்காரர், மலையில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர். ஜன்னலைப் பார்த்ததும் பலகையை விட்டுவிட்டு அடிக்கட்டையின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவினார்.

"ஏனுங்க அம்மணி, இங்க ஒரு காடி இருக்கணுமே. தண்ணி சொட்டற காடி."

"இல்லீங்கண்ணா, வழவழன்னுதான இருக்குது."

"இருக்குதுங்க. பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்க."

உளியால் சுரண்டினார். ஏழெட்டுப் பூச்சு பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து வர, உள்ளே இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) அகலத்தில் அழகான காடி. கட்டையின் மேல் விழும் மழைநீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாகவே பலகைக்கு ஓடிவிடாமல், அந்தக் காடியில் நின்று சொட்டாக விழுவதற்காக முதலில் ஜன்னல் செய்தவர் வெட்டியது. அந்தக் கைக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்தேன். நீளம் முழுக்கச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த முழு வேலையிலும் செலவே இல்லாமல் அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். பழைய மர ஜன்னல் உள்ளவர்கள் அடிக்கட்டையின் கீழே ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள்.

வெளிப் பலகையில் கெட்ட பகுதியை நேர்க்கோட்டில் அறுத்து எடுத்து, தேக்குத் துண்டு சேர்த்தார். சில்வர் ஓக்கிலேயே போடலாமா என்று கேட்டேன். மழையில் அது நிற்காது, உள்ளே மட்டும் போடுங்கள் என்றார். சேரும் விளிம்பைச் சரிவாக அறுத்ததால் தண்ணீர் உள்ளே வராமல் வெளியே வழியும். அடிமுனையில் மூன்று நூல் சந்து விட்டு, எலியும் பூச்சியும் நுழையாமல் உள்பக்கம் ஸ்டீல் வலை அடித்தோம். விரிசலைப் பட்டி வைத்து அடைத்து, பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை. பழைய சிலிக்கானை பிளேடால் சுரண்ட இரண்டு சாயங்காலம் போனது. அது துளி ஒட்டியிருந்தாலும் அதன் மேல் பெயின்ட் பிடிப்பதில்லை, விலகி ஓடுகிறது.

இனி காலி இடத்தை நிரப்புவது. ஆழம் இரண்டரை அங்குலம். ஒரு அங்குலத் தெர்மகோல் இரண்டு அடுக்கு, வெளிப் பலகைப் பக்கம் அரை அங்குலம் காலி. அந்த அரை அங்குலம் தண்ணீர் இறங்க. தெர்மகோல் பின்னால் நகர்ந்து அந்த இடத்தை மூடிவிடாமல் இருக்க, அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டுகளை வெளிப் பலகையின் உள்பக்கம் செங்குத்தாக அடித்தேன். படுக்கையாக அடித்தால் தண்ணீர் அதன் மேலேயே தங்கும்.

தெர்மகோல் மீட்டருக்கு அரை மீட்டர் தாள், ஒன்று 70 ரூபாய், பதினொன்று வாங்கினேன். முதல் தாளை ரீப்பரில் ஒட்ட, வீட்டில் செருப்புக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் ரப்பர் பசையைத் தடவினேன். ஐந்து நிமிடத்தில் தெர்மகோல் குழிகுழியாக உருகி உள்வாங்கியது. பசையில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்துவிடுகிறது. ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலும் இதே கதைதான். பிறகு பசையே போடவில்லை. ஓரச் சந்தில் பின்னால் அடித்த நுரையே அதைப் பிடித்துக்கொண்டது.

வெட்டுவதற்கு ரம்பக் கத்தி வேண்டாம், அறை முழுக்க வெள்ளை மணிகள் பறந்து ஒட்டிக்கொள்ளும். பிளேடை நீளமாக வெளியே தள்ளிய பேப்பர் கட்டரில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நடுப் பலகைக்குப் பின்னால் ஒரு செங்குத்துச் சட்டம் இருப்பதால் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றும் சுமார் 66 சென்டிமீட்டர் சதுரம். தாளின் அகலம் 50 தான். ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். முதல் அடுக்கின் ஒட்டு மேலே வந்தால் இரண்டாம் அடுக்கின் ஒட்டு கீழே வரும்படி மாற்றி வைத்தேன். சுற்றிலும் ஒரு நூல் குறைவாக வெட்டி, அந்த ஓரச் சந்தில் பியூ ஃபோம் (டப்பாவிலிருந்து பீய்ச்சினால் ஊதிப் பெருத்து இறுகும் நுரை) அடித்தேன்.

ஃபோம் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் முதல் கட்டத்தில் சந்து நிறையும் அளவுக்கு அடித்தேன். அரை மணியில் அது ஊதிப் பெருத்து, தெர்மகோலையே முன்னால் தள்ளிவிட்டது. காய்ந்த பிறகு கத்தியால் சீவி எடுத்தேன். இரண்டாம் கட்டத்தில் சந்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடித்தேன், சரியாக நிறைந்தது. கையுறை கட்டாயம். என் இடது கட்டைவிரலில் பட்டது நான்கு நாள் போகவில்லை.

தெர்மகோல் எளிதில் தீப்பிடிக்கும், புகையும் பொல்லாதது. அதனால் அறைப்பக்கம் துளிகூட வெளியே தெரியாமல் பலகையால் மூட வேண்டும். கணப்பை ஒட்டிய சுவராக இருந்தால் நான் இதைப் பயன்படுத்தியிருக்கவே மாட்டேன்.

உள் பலகைகளை எண் வரிசையில் திரும்ப மாட்டினேன், ஆணிக்குப் பதில் பித்தளை ஸ்க்ரூ. மறுபடி திறந்து பார்க்க வசதி. காற்றை நிறுத்தும் வேலை இங்கேதான்: பலகை அடிக்கட்டையோடு சேரும் கோடு, தரையோடு சேரும் கோடு, இரண்டு மூலைகள். இந்த முறை சிலிக்கான் இல்லை, பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக் சீலன்ட், இரண்டு ட்யூப் 380 ரூபாய். ஓரத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, சீலன்ட் இழுத்து, ஈர விரலால் தடவி, காய்வதற்கு முன்பே டேப்பை உரித்தால் கோடு சுத்தமாக வருகிறது.

கடைசியாகக் கண்ணாடிக் கதவுகள். ஸ்பாஞ்ச் டேப்பில் நடந்ததை மனதில் வைத்து, இந்த முறை இடைவெளியை அளந்தேன். சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டத்தில் ஐந்து இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். திறந்து பார்த்தால் நசுங்கிய மாவின் தடிமன்தான் இடைவெளி. கீல் பக்கம் 2 மில்லிமீட்டர், தாழ்ப்பாள் பக்கம் 5. அதற்கேற்ப கீல் பக்கம் மெல்லிய, ஆங்கில E எழுத்து வடிவ ரப்பர் பட்டை, மற்றப் பக்கம் D எழுத்து வடிவம். இரண்டும் சேர்த்து 700 ரூபாய். ஒட்டும் முன் சட்டத்தைத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நல்ல வெயில் நேரத்தில் ஒட்டுங்கள். குளிர்ந்த மரத்தில் ஒட்டிய ஒரு துண்டு மறுநாளே தொங்கியது.

அளவுகள். போன ஜனவரியில் சிலிக்கான் அடிக்கும் முன் ஒரு விடியற்காலை வெளியே 3 டிகிரி, அறை நடுவில் 10.5, பலகை மேல் 6.5. இந்த ஜனவரியில் வெளியே 3.5 இருந்த காலையில் அறை 12.5, பலகை 11. அறைக்கும் பலகைக்கும் இருந்த வித்தியாசம் நான்கிலிருந்து ஒன்றரைக்கு வந்திருக்கிறது. ஒன்பது காலை குறித்து வைத்ததில் அந்த வித்தியாசம் எந்த நாளும் இரண்டைத் தாண்டவில்லை. அறை சூடாகிவிடவில்லை, அடுப்போ ஹீட்டரோ இல்லாத அறை அது. ஆனால் முட்டிக்குக் கீழே காற்று நின்றுவிட்டது, அம்மா சால்வையைக் காலில் சுற்றுவதில்லை.

செலவு: தெர்மகோல் 770, ஃபோம் 450, ரப்பர் பட்டை 700, சீலன்ட் 380, கன் 180, தேக்கு 1,150, ஆசாரி ஒன்றரை நாள் 1,800, ஸ்க்ரூ 220, வலை 90, பிரைமரும் பெயின்ட்டும் 520, ப்ரோப் வைத்த தெர்மாமீட்டர் 380. மொத்தம் 6,640. இதில் சேராமல் வீணானது, ஸ்பாஞ்ச் டேப்பும் சிலிக்கானும், 820. ஆனால் தேக்குக்கும் ஆசாரிக்கும் போன 2,950 ரூபாயில் பெரும்பகுதி நான் வெளிப்பக்கம் அடைத்ததால் வந்தது. பலகை அதற்கு முன் நன்றாகவே இருந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மலையில் பல வீடுகளில் இரவு இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. நாங்களும் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சந்துகள் திறந்திருந்தபோதே அது ஆபத்துதான். இப்போது அறை இறுக்கமாகிவிட்டதால் பல மடங்கு ஆபத்து. ஜன்னலை அடைத்த அன்றே கரிச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். இந்த வேலையைச் செய்கிறவர்கள் இதையும் சேர்த்தே செய்யுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது கதவுகளை நன்றாகத் திறந்து வைக்கிறேன், இல்லையென்றால் காலையில் கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொள்கிறது.

மறுபடி செய்வதானால் முதல் நாளே ஊதுபத்தி, இரண்டாம் நாள் உள் பலகையைத் திறந்து பார்ப்பது, அதன் பிறகே கடைக்குப் போவேன். பக்கப் பலகைகளுக்கும் நடுப் பலகைக்கும் ஒரே நேரத்தில் ஃபோம் அடித்திருந்தால் டப்பாவில் பாதி வீணாகியிருக்காது. ஒருமுறை திறந்து வைத்தால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடுகிறது.

நேற்று இரவு மறுபடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஊதுபத்தியைச் சுற்றினேன். ஏழு சாக்பீஸ் வட்டங்களில் ஆறில் புகை நேராக நிற்கிறது. இடது மேல் மூலையில் மட்டும் இன்னும் சாய்கிறது. அங்கே நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அதற்குச் சிமென்ட் வைக்காமல் சுண்ணாம்பே குழைத்துப் பூச வேண்டும். பனி நாளில் ஈரப்பூச்சு இறுகாமல் உதிரும் என்று ஆசாரி சொல்கிறார். ஏப்ரலுக்கு வைத்திருக்கிறேன்.